கொருக்கவாடிச் சத்திரத்தின் நிழல்

கொருக்கவாடிச் சத்திரத்தை இடித்துத் தரைமட்டமாக்கிய மறுநாள் காலையில், வெயில் ஏறியதும், சத்திரத்தின் நிழல் வழக்கம்போல மேற்கே விழுந்து, முற்றத்தைத் தாண்டி, வண்டிப்பாதையைத் தாண்டி, குளத்துப் படித்துறை வரைக்கும் நீண்டு கிடந்தது. அதை முதலில் பார்த்தவை ஆடுகள். சித்திரை வெயிலில் எங்கே குளிர்ச்சியோ அங்கே போய்ப் படுப்பது ஆட்டின் வழக்கம் என்பதால் அவை ஒன்றும் யோசிக்காமல் வரிசையாகப் போய்ப் படுத்து அசைபோட ஆரம்பித்தன. ஆடுகளுக்குப் பின்னால் வந்தவர்கள் ஒருமுறை அண்ணாந்து பார்த்தார்கள். மேலே வானம் வெறுமையாக இருந்தது. ஒருமுறை குனிந்து பார்த்தார்கள். கீழே இரண்டடுக்குச் சத்திரமும் அதன் வளைவு வாசலும் மாடத்துப் புறாக்களும் மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவரும் ஒன்று குறையாமல் தரையில் கிடந்தன. அதற்குமேல் என்ன செய்வதென்று தெரியாமல் துண்டை உதறி விரித்து அவர்களும் உட்கார்ந்துகொண்டார்கள். வெயில் அப்படி.

கொருக்கவாடிக்காரர்களைக் கெட்டவர்கள் என்று சொல்லிவிட்டால் இந்தக் கதையை இங்கேயே முடித்துவிடலாம். அவர்கள் கெட்டவர்கள் இல்லை, அதுதான் சங்கடம். அடுத்த வீட்டில் சாவு விழுந்தால் தன் வீட்டு அடுப்பை அணைத்துவிட்டு ஓடுகிறவர்கள், வழிதவறி வந்த மாட்டுக்குத் தண்ணீர் காட்டிவிட்டுத்தான் சொந்தக்காரனைத் தேடுகிறவர்கள், பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவனுக்கு வேண்டாம் வேண்டாம் என்றாலும் பாதி வாழைப்பழத்தைக் கொடுத்தே தீருகிறவர்கள். அவர்களுக்கு வேண்டியிருந்ததெல்லாம் வீடு கட்டக் கொஞ்சம் இடம். ஒரே கூரைக்குக் கீழே மூன்று மருமகள்கள் இடித்துக்கொண்டு சமைக்கிற வீடுகள் அந்த ஊரில் நிறைய. சத்திரத்தைச் சுற்றியிருந்த புறம்போக்கில் மனைப்பட்டா கொடுக்கப்போவதாக நெடுநாளாக ஒரு பேச்சு இருந்தது, அந்தப் பேச்சை நம்பித்தான் பல வீடுகளில் கல்யாணமே நடந்திருந்தது.

சத்திரமோ, தஞ்சாவூரை மராட்டியர் ஆண்ட காலத்தில் ராமேஸ்வரத்துக்கு நடந்துபோகிறவர்களுக்காக எழும்பியது. நடந்துபோகிறவர்கள் ரயிலில் போக ஆரம்பித்த பிறகு அதில் பள்ளிக்கூடம் நடந்தது, பிறகு உர மூட்டை அடுக்கினார்கள், பிறகு புறாக்கள் குடியிருந்தன, கடைசியாகத் தையல்நாயகி குடியிருந்தாள். புருஷன் திருப்பூருக்கு வேலைக்குப் போனவன் அங்கேயே இன்னொரு குடும்பமாகிவிட, மாமியார் வீட்டில் பாயைச் சுருட்டி வெளியே வைத்துவிட, கைக்குழந்தையோடு வந்து வாசலுக்கு மேலிருந்த மாடியறையில் ஏறிக்கொண்டவள்தான். அந்தக் குழந்தை தர்ஷினி இப்போது பள்ளிக்கூடத்தில் எட்டாவது படிக்கிறது. தையல்நாயகி வயல் வேலைக்குப் போனாள், மழைக்கு முந்தி சுவரில் முளைக்கிற அரசங்கன்றுகளைப் பிடுங்கி எறிந்தாள், ஒழுகுகிற இடத்தில் குண்டான் வைத்தாள். ஊரில் யாரும் அவளைப் போ என்று சொன்னதில்லை. வா என்றும் சொன்னதில்லை.

வா என்று சொல்வதற்குக் கொருக்கவாடியில் ஒரு முறை இருக்கிறது. ஊர் என்பது தலைக்கட்டுகளால் ஆனது. ஆண்பிள்ளை தலைவனாக இருக்கிற ஒவ்வொரு குடும்பமும் ஒரு தலைக்கட்டு. ஆடியில் செல்லியம்மன் திருவிழா முடிகிற சாயங்காலம் பூசாரி ஒவ்வொரு தலைக்கட்டாகப் பேர் சொல்லிக் கூப்பிடுவார். பேர் சொல்லப்பட்டவர் முன்னால் வந்து தேங்காய்மூடியும் வெற்றிலையும் திருநீறும் இருக்கிற தட்டை வாங்கிக்கொள்வார். வாங்கியவர் ஊர்க்காரர். அவர் வீட்டுக் கல்யாணத்துக்கு ஊர் வரும், அவர் வீட்டுப் பெண் பெரியமனுஷியானால் ஊர் சீர் எடுக்கும், அவர் செத்தால் ஊர் தூக்கும். தையல்நாயகி வீட்டில் ஆண்பிள்ளை இல்லை. சொல்லப்போனால் வீடே இல்லை. அவள் ஊர்க்காரர்களைச் சுற்றிக் கட்டிய கயிற்றுக்கு அந்தப் பக்கம் நின்று கும்பிட்டுவிட்டுப் போவாள்.

போன மார்கழியில்தான் ஒரு ஜீப் வந்து சத்திரத்தின் முன்னால் நின்றது. தொல்லியல் அலுவலர் ஜெசிந்தா இறங்கினார், சுவரெல்லாம் கையை வைத்துப் பார்த்தார், மாடிக்கு ஏறிப்போய்த் தையல்நாயகி கொடுத்த வரக்காப்பியைக் குடித்தார். மழை பெய்தால் ஒழுகுகிறது, கொஞ்சம் பார்த்துக் கொடுங்கள் என்று தையல்நாயகிதான் கேட்டாள். அந்த அம்மாள் அதைவிடப் பெரியதாக ஒன்றைச் சொன்னார்.

"இதைப் பாதுகாக்கப்பட்ட கட்டடமா அறிவிக்க ஏற்பாடு பண்றேன்க்கா. அப்புறம் யாரும் தொட முடியாது. நீங்க மட்டும் வேற இடம் பாத்துக்கற மாதிரி இருக்கும், அதுக்கும் வழி பண்ணுவோம். நான் திரும்ப வர்ற வரைக்கும் நீங்கதான் இதைப் பாத்துக்கணும்."

"பாத்துக்கறேம்மா," என்றாள் தையல்நாயகி. ஒருவர் அவளிடம் ஒன்றை நம்பி ஒப்படைத்துவிட்டுப் போவது அதுதான் முதல் தடவை.

பேச்சு டீக்கடைக்குப் போய்ச் சேர எவ்வளவு நேரமாகும்? டீக்கடை உத்திராபதி பாலை ஆற்றியபடியே ஊருக்கு விளக்கினார். "அறிவிச்சுப்புட்டா அம்புட்டுத்தான். சுத்தி நூறு மீட்டருக்குக் குழி வெட்ட முடியாது. கோழிக்கூண்டு கட்டணும்னாலும் டெல்லிக்கு எழுதிப் போட்டுட்டுக் குந்தியிருக்கணும். கோழி கெழடாயி செத்துப்போவும்." இதில் எவ்வளவு நிஜம், எவ்வளவு உத்திராபதி என்று யாரும் போய் விசாரிக்கவில்லை. சித்திரை பிறந்ததும், அடுத்த வியாழக்கிழமை அந்த அம்மாள் மறுபடி வருகிறார் என்று தெரிந்ததும், செல்லியம்மன் கோயில் வாசலில் ஊர் கூடியது.

நாட்டாண்மை வைரக்கண்ணு நல்ல மனுஷர், மெதுவாகப் பேசுகிறவர், யாரையும் வாடா போடா என்று சொல்லாதவர். அவருக்கு இரண்டு பிள்ளைகள், இரண்டு மருமகள்கள், ஒரே வீடு. "அம்மா வர்றதுக்குள்ள எறக்கிப்புடுவோம்," என்றார். அதைச் சொல்லும்போதும் மெதுவாகத்தான் சொன்னார். நாளைக்கு எவனாவது காட்டிக் கொடுத்தால் என்ன செய்வது என்று ஒரு கேள்வி வந்தது. அதற்கும் அவரிடம் பதில் இருந்தது. "தலைக்கட்டுக்கு ஒரு அடி. பேரச் சொல்லிக் கூப்புடுவோம், ஒவ்வொருத்தரா வந்து ஒரு செங்கல்லையாவது தட்டி எடுத்துட்டுத்தான் போவணும். எல்லாரும் கைய வச்சுப்புட்டா எவனும் வாயத் தொறக்க முடியாது பாருங்க." சாமிக்குச் செய்கிற முறையிலேயே இதையும் செய்துவிடலாம் என்றதும் ஊருக்கு மனசு லேசானது. முறைப்படி செய்கிற எதுவும் தப்பாக இருக்காது என்பது கொருக்கவாடியின் நினைப்பு.

மிச்சமிருந்தவள் தையல்நாயகி ஒருத்திதான். அவளிடம் அந்த அம்மாளின் போன் நம்பர் இருந்தது. வைரக்கண்ணு தானே மாடியேறிப் போனார். அத்தனை வருஷத்தில் அந்தப் படியில் ஏறிய முதல் ஊர்க்காரர் அவர்.

"நீயும் ஒரு தலைக்கட்டா இருந்துக்க ஆயி," என்றார். "தெற்கால ஓரத்துல ஒரு மனை ஒனக்கு. ஆடியில ஒன் பேரச் சொல்லிக் கூப்புடுவோம். நாளைக்குப் புள்ள வயசுக்கு வந்தா நாங்க பாத்துக்கிட்டா இருப்போம்? நீ வந்து ஒரு அடி போட்டுட்டா போதும்."

தையல்நாயகி மூலையில் படித்துக்கொண்டிருந்த தர்ஷினியைப் பார்த்தாள். கட்டடத்தைக் காப்பாற்றினாலும் தான் வெளியே போகவேண்டும், இடித்தாலும் வெளியே போகவேண்டும். இடித்துவிட்டுப் போனால் ஊருக்குள் போகலாம். சரிங்க என்றாள்.

செவ்வாய்க்கிழமை காலை நல்ல வெயிலில் வேலை ஆரம்பித்தது. ஒளிவுமறைவு ஒன்றுமில்லை, கோயில் அண்டாவில் தக்காளிச்சோறு வெந்துகொண்டிருந்தது, பிள்ளைகள் விளையாடிக்கொண்டிருந்தன, பூசாரி மருதையன் குளித்து விபூதி பூசி வந்து நின்று கணீரென்று பேர் சொன்னார். முதல் பேர் வைரக்கண்ணு, ஏனென்றால் எதிலும் முதல் பேர் அந்த வீட்டினுடையது. அவர் கடப்பாரையை ஓங்கி அடித்தபோது அது சுண்ணாம்புக் காரையில் பட்டுத் திரும்பித் துள்ளியது, கை அதிர்ந்துபோனது, மூன்றாவது அடிக்குத்தான் ஒரு செங்கல் கழன்றது. அடுத்த பேர், அடுத்த பேர் என்று வெயில் உச்சிக்கு வரும்வரை நடந்தது. கடைசியில், எல்லாத் தலைக்கட்டும் முடிந்த பிறகு, மருதையன் தொண்டையைச் செருமிக்கொண்டு, "தையல்நாயகி தலைக்கட்டு!" என்று கூப்பிட்டார்.

அவளுக்கு உடம்பு சிலிர்த்தது. அதை அவள் பிற்பாடு எத்தனையோ தடவை நினைத்துப் பார்த்தாள், மறக்க முயன்றாள், முடியவில்லை. பயத்தில் சிலிர்த்திருந்தால் பரவாயில்லை. அவள் சந்தோஷப்பட்டாள். தன் பேரை ஊர் கூப்பிடுகிறது என்று ஒரு பூரிப்பில் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு போய், தான் தினமும் முழங்கை ஊன்றி நிற்கிற ஜன்னல் திண்டில் சுத்தியலால் ஓங்கி அடித்து ஒரு செங்கல்லைப் பெயர்த்தெடுத்தாள், ஊர் கைதட்டியது. அப்புறம் ஜேசிபியை உள்ளே விட்டார்கள். டிரைவர்தான் மேலே துணி காய்கிறது என்று கத்தினான். அவள் ஓடிப்போய் தன் புடவையையும் மகளின் பள்ளிக்கூடச் சட்டையையும் பாவாடையையும் வாரிக்கொண்டு இறங்கினாள். சாயங்காலத்துக்குள் சத்திரம் இல்லை. செங்கல்களை வீணாக்கக் கூடாதென்று ஆளுக்குக் கொஞ்சம் எடுத்துப்போனார்கள். மறுநாள் காலைதான் நிழல் விழுந்தது.

ஊர் அதை ஏற்றுக்கொண்ட விதத்தைச் சொல்லவேண்டும். முதல் நாள் பேசிக்கொண்டார்கள், இரண்டாம் நாள் கோயிலில் சூடம் கொளுத்தினார்கள், மூன்றாம் நாள் உத்திராபதி தன் பெஞ்சைத் தூக்கிவந்து நிழலில் போட்டார். பள்ளிக்கூட வாத்தியார் பிள்ளைகளைக் கூட்டிவந்து ஒளி நேர்கோட்டில் செல்லும் என்று பாடம் நடத்திவிட்டு, மேலே பார்த்துவிட்டு, மிச்சத்தை வீட்டில் படித்துக்கொள்ளச் சொன்னார். மற்ற நிழலைப் போல இல்லை அது. பழைய சுண்ணாம்புச் சுவருக்குப் பக்கத்தில் நின்றால் ஒரு குளிர்ச்சி வருமே, அந்தக் குளிர்ச்சி அதில் இருந்தது. பஸ்ஸுக்குக் காத்திருப்பவர்கள் அங்கே நின்றார்கள், சீட்டாடுகிறவர்கள் நிழலோடு நிழலாக நகர்ந்து காலையில் மேற்கேயும் சாயங்காலம் கிழக்கேயும் ஆடினார்கள். நெல் காயப்போட்டவர்கள் மட்டும் திட்டினார்கள். மழை பெய்தால் நனைந்தார்கள், நிழல்தானே, அது என்ன செய்யும்? ஆனால் யாரும் அந்த நிழலின் சுவரை மிதித்துக் கடக்கவில்லை. வளைவு வாசலுக்குள் வெளிச்சம் விழுந்திருக்கிற இடத்துக்குச் சுற்றிப்போய், சைக்கிளைவிட்டு இறங்கி, தலையைக் கொஞ்சம் குனிந்துதான் உள்ளே போனார்கள். குனியச் சொல்லி யாரும் சொல்லவில்லை.

எல்லாம் பழகியது, ஒன்று மட்டும் பழகவில்லை. நிழலின் மொட்டைமாடியில் ஒரு கொடிக்கயிறு இருந்தது. கயிற்றில் ஒரு புடவையும், ஒரு சின்னச் சட்டையும், ஒரு சின்னப் பாவாடையும் காய்ந்துகொண்டிருந்தன. காற்றடித்தால் அவை தரையில் ஆடின. சீட்டாடுகிறவர்கள் அந்த இடத்துக்கு மட்டும் தள்ளி உட்கார்ந்தார்கள். படுத்துத் தூங்குகிறவர்கள் மேலே அந்தப் பாவாடை நிழல் ஊர்ந்து வந்தால், தூக்கத்திலேயே எழுந்து வேறு பக்கம் போனார்கள். தர்ஷினி பள்ளிக்கூடம் விட்டு வரும்போது அதற்குக் கீழே போய் நின்று, "இது என்னோடது," என்று தோழிகளிடம் காட்டினாள். அப்போது பெரியவர்கள் எல்லாருக்கும் திடீரென்று குளத்தில் ஏதோ பார்க்கவேண்டியிருந்தது.

ஜெசிந்தா அந்த வியாழக்கிழமை வரவில்லை. தேர்தல் வேலைக்குப் போட்டுவிட்டார்கள், வருவதற்குச் சித்திரைக் கடைசி ஆகிவிட்டது. ஜீப்பைவிட்டு இறங்கி, வெறும் தரையைப் பார்த்தார், தரையில் கிடந்த நிழலைப் பார்த்தார். பிறகு அவரும் வாசல் வழியாகச் சுற்றிக்கொண்டுதான் உள்ளே வந்தார். ஊர் கூடிவிட்டது.

"காத்துல விழுந்துருச்சும்மா," என்றார் வைரக்கண்ணு. "பெருங்காத்து. பழங்கட்டடம் பாருங்க."

"காத்துல விழுந்திருந்தா நிழலும் சேந்து விழுந்திருக்கும்ங்க. இது நிக்குது. அடிச்சுத் தள்ளினாத்தான் இப்படி நிக்கும்."

அப்படி ஒரு விதி எந்தப் புத்தகத்தில் இருக்கிறது என்று ஒருவரும் கேட்கவில்லை. வாத்தியார்கூடத் தலையாட்டினார்.

ஜெசிந்தா கூட்டத்தில் தேடித் தையல்நாயகியைக் கண்டுபிடித்தார். கோபமாகப் பேசியிருந்தால் அவள் பேசாமல் இருந்திருப்பாள். "அக்கா, நீங்க பாத்துக்கறேன்னு சொன்னீங்களே," என்றுதான் கேட்டார்.

"நாந்தாம்மா இடிச்சேன்," என்றாள் தையல்நாயகி.

ஊரைக் காப்பாற்றத்தான் அப்படிச் சொன்னாள் என்று இப்போது கொருக்கவாடியில் சொல்கிறார்கள். அது ஊர் தனக்குச் சொல்லிக்கொள்ளும் ஆறுதல். அவள் தன்னுடையதைச் சொன்னாள், அவ்வளவுதான். தலைக்கட்டு என்றால் ஒருவர் முன்னால் வந்தால் அடுத்தவர் வருவார், அவருக்கு அடுத்தவர் வருவார், அப்படித்தானே அவள் பார்த்திருக்கிறாள்? சொல்லிவிட்டு, அடுத்த ஆள் வருவதற்கு இடம் விட்டு, கொஞ்சம் ஒதுங்கிக்கூட நின்றாள். யாரும் வரவில்லை. புறா நிழல் ஒன்று மாடத்திலிருந்து எழும்பி, தரையில் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, மறுபடி மாடத்திலேயே போய் உட்கார்ந்தது.

"தனியாவா?" என்று கேட்டார் ஜெசிந்தா. தையல்நாயகி சுற்றி நின்றவர்களைப் பார்த்தாள். அவர் வைரக்கண்ணுவிடம் திரும்பினார். "இவங்க தனியாவா இடிச்சாங்க?"

வைரக்கண்ணு பொய் சொல்லாதவர் என்று பேர். "அந்தப் புள்ள அங்கதாம்மா குடியிருந்துச்சு," என்றார். அதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. சொல்லிவிட்டுத் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

ஜெசிந்தா தரையில் பதிந்திருந்த ஜேசிபி சக்கரத் தடத்தைக் காலால் தொட்டுக் காட்டினார். "நான் முட்டாள் இல்லைங்க. ஆனா நீங்க வாயைத் திறந்து சொல்றது மட்டும்தான் எனக்குச் சாட்சி. இந்த நிழலை அளந்தா ஒரு அங்குலம் மாறாம திரும்பக் கட்டிரலாம். அதுக்கு அந்தச் செங்கல்லு வேணும். கொண்டுவர்றவங்க பேரை நான் கேட்பேன், கேட்டுத்தான் ஆகணும். எத்தனை பேரு வர்றீங்களோ அந்த அளவுக்கு இந்த அக்கா மேல இருக்கிற பாரம் குறையும். வரலைன்னா கேஸு இவங்க ஒருத்தர் மேலதான்." சொல்லிவிட்டுச் சத்திரத்து நிழலில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் அழுதார். ஒரு கட்டடத்துக்காக ஒரு அதிகாரி அழுவதைக் கொருக்கவாடி அதுவரை பார்த்ததில்லை. உத்திராபதி டீ கொண்டுவந்து கொடுத்தார். அவர் குடிக்கவில்லை.

அதற்குப் பிறகு கொருக்கவாடி தையல்நாயகிமேல் வைத்த பிரியம் இருக்கிறதே, அதைத் தாங்குவது சாதாரணமில்லை. அவளுடைய மனையில் கீற்றுக் கொட்டகை போட ஊரே திரண்டு வந்தது. காலையில் அவள் அந்தக் கொட்டகைக் கதவைத் திறந்தால் வாசலில் பூசணிக்காய் இருக்கும், செம்பில் பால் இருக்கும், யார் வைத்தது என்று தெரியாது. அவளுடைய மனையில் கீற்றுக் கொட்டகை போட ஊரே திரண்டு வந்தது. கோர்ட்டுக்கு அவள் பஸ் ஏறப் போனால் மோட்டார் சைக்கிளோடு ஆள் மாற்றி ஆள் வந்து நின்றார்கள். டவுனில் கோர்ட் வாசல்வரை கொண்டுபோய் விட்டார்கள், வெயிலில் காத்திருந்து திரும்பக் கூட்டிவந்தார்கள், உள்ளே மட்டும் யாரும் வரவில்லை. ஜெசிந்தாவின் ஆட்கள் வந்து மணிக்கு மணி நிழலின் விளிம்பில் சுண்ணாம்புத்தூளால் கோடு போட்டு அளந்தபோது, டேப்பின் மறுமுனையைப் பிடித்துக்கொள்ள ஊர்க்காரர்கள் முந்திக்கொண்டு வந்தார்கள். எந்தச் சுவர் எவ்வளவு கனம் என்று கேட்டால் உடனே சொன்னார்கள். இடித்தவர்களுக்குத்தானே தெரியும்?

செங்கல்கள் இருந்த இடத்திலேயே இருந்தன. மாட்டுக்கொட்டகைத் தளத்தில் இருந்தன, சாக்குப் போட்டு மூடப்பட்டிருந்தன. தண்ணீர்த் தொட்டிக்கு அடியில் இருந்தன, தொட்டியில் எப்போதும் தண்ணீர் நிரம்பியிருந்தது. உத்திராபதி தன் புது அடுப்பை அந்தச் செங்கல்லில்தான் கட்டியிருந்தார். அதில் டீ போட முடியாமல் கேஸ் அடுப்புக்கு மாறினார், கேட்டவர்களிடம் புகை கண்ணுக்கு ஆகவில்லை என்றார். பல பேர் பல தடவை புறப்படத்தான் செய்தார்கள். ஒரு செங்கல்லைச் சாக்கில் போட்டுத் தோளில் தூக்கிக்கொண்டு தெருமுனை வரைக்கும் வருவார்கள். எதிரே இன்னொருவர் இன்னொரு சாக்கோடு வருவார். "எங்க?" "ஆட்டுக்கு முளையடிக்கணும். நீங்க?" "எனக்கும் ஆடுதான்." இரண்டு பேரும் திரும்பி வீட்டுக்குப் போவார்கள். அந்த வருஷம் கொருக்கவாடியில் ஆடு இல்லாதவர்கள்கூட முளையடித்தார்கள்.

மனைகளுக்கு முளைக்குச்சி நட்டுப் பிரித்தாகிவிட்டது, யாரும் வீடு கட்டவில்லை. வைரக்கண்ணுவின் பெரிய பிள்ளை அஸ்திவாரம் தோண்டினான். காலை நேரத்தில் அந்தச் சின்னப் பாவாடையின் நிழல் சரியாக அவன் தோண்டிய குழிக்குள் விழுந்து ஆடியது. நிழலுக்குத் தள்ளி இன்னொரு மனை கேட்டு மாமனாரோடு சண்டை போட்ட மருமகளே, அதை ஒருநாள் பார்த்துவிட்டு வந்து, எனக்கு அந்தப் பக்கமே வேண்டாம், இந்த அடுப்பே போதும் என்றாள்.

ஆடி வந்தது. திருவிழாவுக்கு முந்தி ஊர் கூடியபோது வைரக்கண்ணுதான் எழுந்தார். இந்த வருஷம் முதல் மரியாதையைத் தையல்நாயகிக்குக் கொடுத்துவிடலாம் என்றார். தன் அப்பா, அப்பாவுக்கு அப்பா என்று யாரும் விட்டுக்கொடுக்காத ஒன்றை அவர் விட்டுக்கொடுத்தபோது சிலர் கண் கலங்கினார்கள், எல்லாரும் ஒத்துக்கொண்டார்கள், நெஞ்சிலிருந்து ஏதோ இறங்கினதுபோல மூச்சு விட்டார்கள்.

கடைசி நாள் சாயங்காலம், அம்மன் வீதியுலா முடிந்து நிலைக்கு வந்தாகிவிட்டது. சத்திரத்தின் நிழல் கிழக்கே நீண்டு கோயில் வாசல்வரை வந்து, கூடியிருந்த அத்தனை பேரையும் மூடிக் கிடந்தது. மேளம் நின்றது. மருதையன் தட்டை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு, "தையல்நாயகி தலைக்கட்டு!" என்று கூப்பிட்டார். கூட்டம் வழி விட்டது. யாரும் வரவில்லை. மறுபடி கூப்பிட்டார். அம்மன் மரியாதையில் ஒரு கட்டுப்பாடு உண்டு: கூப்பிட்ட பேருக்கு உரியவர் வந்து தட்டை வாங்காமல் அடுத்த பேரைக் கூப்பிடக் கூடாது, தட்டைக் கீழே வைக்கக் கூடாது, அம்மனுக்குத் திரை போடக் கூடாது. வைரக்கண்ணு செருப்பு இல்லாமல் வேகமாகத் தெற்கே நடந்தார்.

தையல்நாயகி கொட்டகை வாசலில் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். தர்ஷினி பக்கத்தில் உட்கார்ந்து காம்பு பொறுக்கிக்கொண்டிருந்தது.

"வா ஆயி. ஆத்தா காத்துக்கிட்டு நிக்கிது."

"நான் வரல்லீங்க."

"மொத மரியாதைம்மா. எங்க வீட்டு மரியாதை. ஒனக்குன்னு எறக்கி வச்சிருக்கோம்."

"தெரியுங்க." அவள் உருவிய கீரையை முறத்தில் போட்டாள். "நான் தட்டுனது ஒரு செங்கல்லுங்க. அதுக்கு இம்புட்டுப் பெரிய மரியாதை வேண்டாம். மிச்சத்தத் தட்டுனவங்க மொதல்ல வாங்கிக்கட்டும். அன்னக்கி சத்திரத்துல கூப்புட்டீங்களே, அந்த வரிசையிலயே கூப்புடுங்க. என் முறை கடைசி. கடைசியா கூப்புடுங்க, வர்றேன்."

வைரக்கண்ணு நின்றார். அந்த வரிசையில் முதல் பேர் யாருடையது என்று அவருக்குச் சொல்லவேண்டியதில்லை. அந்த வரிசையில் கூப்பிட்டால் என்ன சொல்லிக் கூப்பிடுவது, கூப்பிட்டால் எதை எடுத்துக்கொண்டு வருவது, வந்தால் அப்புறம் கோர்ட்டில் யார் யார் போய் நிற்பது என்பதும் அவருக்குத் தெரிந்தது. தர்ஷினி அவரையே பார்த்துக்கொண்டிருந்தது. அவர் திரும்பி நடந்தார். வழியில் அவர் வீடு வந்தது, மாட்டுக்கொட்டகை வந்தது, அங்கே கொஞ்சம் நின்றார், உள்ளே போகவில்லை.

கோயில் வாசலில் எல்லா முகமும் அவரைப் பார்த்தது. "என்னங்க சொன்னுச்சு?" என்று கேட்டார் உத்திராபதி.

"வருது," என்றார் வைரக்கண்ணு. "வந்துக்கிட்டு இருக்கு."

அவர் முகத்தைப் பார்த்த எல்லாருக்கும் புரிந்தது, அவள் சொன்னதை ஒரு வார்த்தை விடாமல் கேட்டதுபோலப் புரிந்தது, ஒருவரும் இன்னொருவரைப் பார்க்கவில்லை. மருதையன் மறுபடியும் கூப்பிட்டார். தட்டு ஏந்திய கை ஓய்ந்தபோது இன்னொருவர் வந்து முட்டுக்கொடுத்துப் பிடித்துக்கொண்டார். பிள்ளைகள் பசித்து அழுதன, அம்மாக்கள் அழைத்துப்போய் ஊட்டிவிட்டுத் திரும்ப வந்து நின்றார்கள். மருதையன் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார், ஊர் வழி விட்டுக்கொண்டே நின்றது.

இப்போதும் கொருக்கவாடிக்குப் போகிறவர்கள் அந்தக் குரலைக் கேட்கலாம். மருதையனுக்குத் தொண்டை கட்டினால் அவர் பிள்ளை கூப்பிடுகிறான். செல்லியம்மனுக்கு இன்னும் திரை போடவில்லை. இரண்டாவது பேரை இதுவரைக்கும் கூப்பிடவில்லை.